சம்பந்தி போட்ட பிரேக்

கைக்கட்டைப் பாத்துட்டு விழுந்துட்டீங்களான்னு கேக்கறீங்க. விழலீங்க. கார்ல போனேன். சாதாக் கார் இல்லீங்க, ஸ்போர்ட்ஸ் கார். சிரிக்காதீங்க, நெசமாத்தான். ரெண்டே சீட்டு, மேல கூரை கெடையாது, உக்காந்தா ரோட்டு மேலயே உக்காந்த மாதிரி இருக்கும். அறுவத்திமூணு வயசுல இந்த ஆசை தேவையான்னு நீங்க கேக்க மாட்டீங்க, பாத்தாலே மரியாதைப்பட்டவருன்னு தெரியுது. எங்க ஊட்டுக்காரி கேட்டா.

சித்த இருங்க. ஏனுங் கண்டக்டரே, இந்த சீட்டு அடியில போல்ட்டு ஒண்ணு கழண்டு ஆடுது பாருங்க. ஆமாங்க, இங்கதான். டிப்போவுல சொல்லி முறுக்கச் சொல்லுங்க, யாராச்சும் விழுந்துறப் போறாங்க. பாத்தீங்களா, மொறைச்சுட்டுப் போறாரு. மொறைக்கட்டும். நாப்பது வருசம் பம்பு கம்பெனியில இன்ஸ்பெக்சன்ல இருந்தவன் நானு. வார்ப்புல ஊசி மொனை ஓட்டை இருந்தாலும் செவப்புப் பெயிண்ட்டை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துத் தள்ளி வெச்சுருவேன். மொதலாளி மகன் செஞ்சதா இருந்தாலும் சரி. தப்புன்னு தெரிஞ்சா சொல்லிப்போடோணும், அதுதான் என்னோட குணம்.

உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கறேன், சொல்லுங்க. ஒரு மனுசனுக்கு வண்டியில ஒரு பழுது இருக்குதுன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்காம இன்னொருத்தரை அதுல கூட்டிக்கிட்டு மலைய எறங்குனா அது நாயமுங்களா? இல்லைல்ல? அதத்தான் நானும் சொல்றேன். எங்க சம்பந்தி அதத்தான் பண்ணுனாரு.

இப்ப அவரு ஊட்டுக்குத்தான் போயிட்டிருக்கறேன். கோபிக்கு. அவங்க கொலதெய்வக் கோயில்ல கெடா வெட்டு. எனக்குப் பரிவட்டம் கட்டி மாலை போடறாங்களாம். ஆமாங்க, எனக்கேதான். ஊட்டுக்காரி ரெண்டு நாளைக்கு முன்னாலயே போயிட்டா. நேத்து சாயங்காலம் எம் புள்ள சுகந்தி போன் பண்ணுனா. அவளைத்தான் அந்த ஊட்டுல குடுத்திருக்கறேன். 'அப்பா, பரிவட்டம் கட்டறதுக்கு முன்னால மாமாகிட்ட நீங்களே சொல்லிருங்க. சொல்லாம தலையக் குடுத்தீங்கன்னா, அதோட எனக்கு அப்பா இல்லைன்னு நெனச்சுக்கறேன்'னா. வெச்சுட்டா. ஒத்தப் புள்ளைங்க. நைட்டெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தேன். என்னத்தச் சொல்லோணுமா? வரேன், அதுக்குத்தான் வரேன்.

எங்க சம்பந்தி பேரு அவிநாசியப்பன். மஞ்ச யாவாரம். தங்கமான மனுசன், அதையும் சொல்லிப்போடறேன். நான் போனா சேர்ல இருந்து எந்திரிச்சு நிப்பாரு. நானும் நிப்பேன். 'நீங்க உக்காருங்க', 'இல்ல நீங்க உக்காருங்க'ன்னு ரெண்டு பேரும் அஞ்சு நிமிசம் நிப்பமுங்க. உங்களுக்குத் தெரியாததா? பொண்ணு குடுத்த எடம்.

போன சித்திரையில கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டுக்கு ஏதோ வேலையாப் போயிருக்காரு. அங்க ஒரு கொட்டாயில இந்த வண்டி கெடந்திருக்கு. வெள்ளைக்காரன் காலத்து மேனேஜரு வெச்சிருந்ததாம். சீட்டுல கோழி முட்டை போட்டிருந்துச்சுன்னு அவரே சொன்னாரு. வாங்கி லாரியில ஏத்திக் கொண்டாந்து மஞ்சக் கொடோன்ல எறக்கிட்டாரு. எறக்கிட்டு எனக்கு போன் பண்றாரு. 'சம்பந்தி, நீங்க மிசின் கம்பெனியில இருந்தவங்க. உங்களுக்குத் தெரியாததா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்தீங்கன்னா நாம ரெண்டு பேருமே சரி பண்ணிப்போடலாம்'னாரு.

எனக்கு என்னங்க தெரியும்? அடுத்தவன் செஞ்சதை அளந்து பாத்து வேண்டாம்னு தள்ளத் தெரியும். ஒரு ஸ்கூட்டர் பிளக்கைக் கூட நான் கழட்டுனதில்ல. ஆனா சம்பந்தி வாயெடுத்துக் கேக்கறப்ப தெரியாதுன்னு எப்படிங்க சொல்றது? 'அதுக்கென்னங்க, வந்துட்டாப் போச்சு'ன்னுட்டேன். அவருக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கு ஆடி மாசந்தான் தெரிஞ்சுது.

இன்னொண்ணும் சொல்லோணும். பொண்ணு குடுத்த ஊட்டுல அடிக்கடி போயி கை நனைக்கக் கூடாதுன்னு எங்க பக்கம் ஒரு இது இருக்குதுங்க. தீவாளிக்கு ஒருக்கா, பொங்கலுக்கு ஒருக்கா போவோம். வாசல்ல நின்னு 'நல்லாருக்கியா அம்மிணி'ன்னா 'நல்லாருக்கறேங்ப்பா'ம்பா. முடிஞ்சுது. கல்யாணம் பண்ணிக் குடுத்து அஞ்சு வருசமா இப்படித்தான். இந்தக் கார் வந்த பொறகு வாராவாரம் போனேன். பதினோரு மணிக்கு அவளே கொடோனுக்கு மோர் கொண்டாருவா. மத்தியானம் அவ கையால சோறு. 'கருவேப்பிலைய ஒதுக்காதீங்கப்பா'ன்னு அதட்டுவா. அதுக்குத்தானுங்க போனேன். காரா பெருசு எனக்கு?

மெக்கானிக்கு ரெண்டு பேரைக் கூட்டியாந்தாரு சம்பந்தி. நாந்தான் ரெண்டு பேரையும் வேண்டாமுன்னுட்டேன். ஒருத்தன் ஸ்பானரைக் கீழ போட்டுட்டு காலால தள்றான். இன்னொருத்தன் பீடி குடிச்சுக்கிட்டே பெட்ரோல் டேங்கைத் தொறக்கறான். அவனுங்களை முன்னால வெச்சே சொன்னேன், நீங்கெல்லாம் லாயக்கில்லைன்னு. சம்பந்திக்கு ஒரே சந்தோசம். 'நீங்க இருக்கறப்ப வெளியாளு எதுக்கு'ன்னுட்டாரு.

எஞ்சின் துருப்புடிச்சு எறுகிக் கெடந்துச்சு. மண்ணெண்ணெய ஊத்தி ஊத்தி மூணு வாரம் ஊற வெச்சமுங்க. ஒரு ஞாயித்துக்கெழம மெதுவா அசைஞ்சுது. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டோம், அப்பறம் வெக்கமாப் போயி வெலகி நின்னுட்டோம். பிரிச்சதைத் திரும்ப மாட்டுனமுங்க. மாட்டி முடிச்சுப் பாத்தா ஆறு போல்ட்டு மிச்சம். தரையில கெடக்குது. அவரு என்னையப் பாக்கறாரு. நான் அவரைப் பாக்கறேன். 'அந்தக் காலத்துல கூடுதலாக் குடுத்திருப்பாங்க போல'ன்னாரு. 'ஆமாங்க, தாராளமாக் குடுப்பாங்க'ன்னேன். ஒரு பேப்பர்ல மடிச்சு அவரு டிராயர்ல வெச்சாரு. நீங்க சிரிக்கறீங்க. அது என் கம்பெனியா இருந்தா மாட்டுனவனைக் கேட்டுக்கு வெளிய நிறுத்தியிருப்பேன்.

சேவூர் தாண்டிருச்சுங்களா? ம்.

பிரேக்குக்கு வாரேன். பிரேக்கு அவரு வேலை, ஹேண்ட் பிரேக்கு என் வேலைன்னு பிரிச்சுக்கிட்டோம். மிதிக்கற பிரேக்குக்கு ஒரு எண்ணெய் ஊத்தோணுமுங்க. நாம மிதிச்சா அந்த எண்ணெய் போயி சக்கரத்துல பிரேக்கைத் தள்ளும். கடையில விக்கறது இந்தப் பழைய வண்டி ரப்பருக்கு ஆகாதுன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். 'அந்தக் காலத்துல வெளக்கெண்ணெயத்தான் ஊத்துவாங்களாம் சம்பந்தி, படிச்சேன்'னு ஒரு நாள் தூக்குப்போசி நெறைய வெளக்கெண்ணெயோட வந்து நிக்கறாரு. சுத்தமா செக்குல ஆட்டுனது. கொடோன் பூரா நாத்தம். ஊத்துனாரு. மிதிச்சுப் பாத்தா, சும்மா சொல்லக் கூடாது, கல்லாட்டம் நின்னுது. ஆவணி வெயிலு.

எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. வெளக்கெண்ணெய் மார்கழிக் காத்தால பாட்டில்ல இருந்து எறங்குமுங்களா? மந்தமாயி அப்படியே நிக்கும். பச்சப் புள்ளைக்கும் தெரியும். ஆனா நானு எதையும் சோதிக்காமச் சொல்றவன் இல்ல. ஊட்டுக்கு வந்து ஒரு டம்ளர்ல ஊத்தி ஃபிரிட்ஜுல வெச்சேன். காத்தால எடுத்துச் சாச்சா, வர மாட்டேங்குது. தேன் கூட வந்துரும். இன்னொருக்காவும் வெச்சுப் பாத்தேன். ஊட்டுக்காரி, 'வெளக்கெண்ணெயக் கொண்டாந்து பாலுக்குப் பக்கத்துல வெச்சிருக்கறீங்களே, அறிவிருக்குதா'ன்னா.

சொல்லலாம்னுதானுங்க அடுத்த ஞாயித்துக்கெழம போனேன். போனா, சம்பந்தி சம்சாரம் முன்னால, மாப்ள முன்னால, 'பிரேக்கு மட்டும் நானே தனியாப் போட்டேன்'னு பெருமையாச் சொல்லிக்கிட்டு இருக்காரு. அந்த மொகத்தைப் பாத்துட்டு எப்படிங்க? சம்பந்தி வேலையில குத்தஞ் சொல்லலாமுங்களா? நாளைக்கு அது எம் புள்ள தலையில விடியும். 'உங்கப்பன் பெரிய இவரு'ன்னு ஒரு வார்த்தை வந்தாப் போதாதா? அதுவுமில்லாம கோபியில ஏதுங்க குளிரு? ஊருக்குள்ள ரெண்டு ரவுண்டு அடிப்பாரு. என்னிக்காச்சும் ஒருக்கா சரியா நிக்காமப் போனா அவருக்கே வெளங்கிரும். கம்பெனியில அப்படித்தானுங்க, டெஸ்ட்டுல தண்ணி வெச்சு ஒழுகிருச்சுன்னா நாம வாயத் தொறக்கவே வேண்டாம், செஞ்சவனே தலையத் தொங்கப் போட்டுக்குவான். இது மரியாதைங்க. வேற ஒண்ணுமில்ல.

மார்கழியில அவரு சொல்றாரு, 'சம்பந்தி, வண்டிய வாங்குன எடத்துக்கே ஓட்டிட்டுப் போயிக் காட்டோணும்'. கோத்தகிரிக்கு. 'வெயில் காலத்துல போலாமுங்களா சம்பந்தி, பனி உங்களுக்கு ஆகாது'ன்னேன். நானு எவ்வளவு நாசூக்காச் சொல்லியிருக்கறேன் பாருங்க. அவரு, 'ஸ்வெட்டர் இருக்குதுங்க'ன்னாரு.

போனமுங்க. ஸ்போர்ட்ஸ் கார்ல அவரும் நானும். பின்னால மாப்ளயோட கார்ல மாப்ள, சுகந்தி, எங்க ஊட்டுக்காரி, சம்பந்தி சம்சாரம். மத்தியான வெயில்ல ஏறுனோம், ஒரு குத்தஞ் சொல்ல முடியாது. ரோட்டுல போறவங்கெல்லாம் நின்னு பாக்கறாங்க. கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு சம்பந்தி கைய ஆட்டறாரு. அவருக்குத் தெரிஞ்சவங்க ஊட்டுல தங்குனோம். வண்டி வெளிய வாசல்ல நின்னுது, பனியில.

காத்தால ஏழரை மணி. பேசுனா வாயில பொகை வருது. நான் எந்திரிச்சு மொதல்ல போயி வண்டிக்கிட்ட நின்னேன். பிரேக்கை மிதிச்சுப் பாத்தேன். சேத்துல காலை உட்ட மாதிரி மெதுவாப் போவுது, எடுத்தா மேல வர்றதுக்கு மனசே இல்ல. சரி, சம்பந்தி வரட்டும், தன்மையாச் சொல்லிப்போடலாம்னு நிக்கறேன். வந்தாரு. கூட சுகந்தி ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஓடியாரா. 'மாமா, எறங்கறப்ப நானு'ங்கறா. 'வா அம்மிணி, உனக்கில்லாததா'ன்னு கதவத் தொறந்து உடறாரு. ஏறி உக்காந்துட்டா. சிரிக்கறா. தலைக்கு முக்காடு போட்டுக் கட்டிக்கிட்டா. அவரு சாவியப் போட்டாரு.

'எறங்கு அம்மிணி'ன்னேன். 'ஏங்ப்பா?' 'எறங்குன்னா எறங்கு'ன்னு கத்திப்போட்டேன். அப்படி நான் அவளைக் கத்துனதே இல்ல. மூஞ்சி சுண்டிப் போச்சு, எறங்கிட்டா. சம்பந்தி தெகைச்சுட்டாரு. 'சளிப் புடிக்குமுங்க அவளுக்கு, நானே வாரேன்'னு சொல்லி ஏறி உக்காந்தேன். ஆமாங்க, நாந்தான். தெரிஞ்சேதான் உக்காந்தேன். அவரைத் தனியா அனுப்பிச்சுட்டு மாப்ள கார்ல வர்றதுக்கு எனக்கு மனசு வருமுங்களா? எனக்கும் மனசாட்சி இருக்குதுங்க.

ரெண்டு வளைவு தாண்டறப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவரு மிதிக்கறாரு, பிரேக்கு லேட்டாப் புடிக்குது. காலை எடுத்துடறாரு, உட மாட்டேங்குது. வண்டி இழுக்கலைன்னு அவரு ஆக்சிலேட்டரைக் குடுக்கறாரு. தேஞ்சு தேஞ்சு கருகற வாசம் வருது. 'வாசம் வருதுங்களா சம்பந்தி'ன்னாரு. 'யாரோ குப்பை எரிக்கறாங்க போல'ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியலீங்க. வாய் தானா சொல்லிருச்சு.

அப்பறம் ஒரு நெட்டு எறக்கம். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் ஒண்ணுமில்ல, பனி. அவரு மிதிக்கறாரு. மிதி உள்ள போவுது, வண்டி நிக்கல. சக்கரம் சூடேறி பிரேக்குப் புடிப்பே போயிருச்சு. 'கொஞ்சம் மெதுவாப் போலாமுங்களா சம்பந்தி'ன்னேன். 'நிக்க மாட்டேங்குதுங்க சம்பந்தி'ன்னாரு. 'தப்பா நெனச்சுக்காதீங்க, ஹேண்ட் பிரேக்கை இழுங்க'ன்னேன். சாவப் போற நேரத்துல தப்பா நெனச்சுக்காதீங்கங்கறேன் பாருங்க. அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. பாத்துட்டு இழுத்தாரு. கம்பி கழண்டு கையோட மேல வந்துருச்சு. முன்னால ஒரு லாரி ஏறி வருது. எங்கிருந்துதான் அந்த மஞ்ச யாவாரிக்கு அந்த புத்தி வந்துதோ, ஸ்டீரிங்கை ஒடிச்சு மலைப்பக்கம் மண்மேட்டுல கொண்டு போயி உட்டாரு. அவருக்குக் காலு ரெண்டு எடத்துல முறிஞ்சுது. எனக்கு இந்தக் கை. சுகந்தி பின்னால இருந்து ஓடியாந்த சத்தம் இன்னும் காதுல இருக்குது.

இப்பத்தான் என்னோட நாயம். மேட்டுப்பாளையத்துல ஆசுபத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவரு என் நல்ல கையப் புடிச்சுக்கிட்டு அழுவறாரு. 'சம்பந்தி, ஹேண்ட் பிரேக்குக் கம்பி சரியாக் கட்டலைன்னு எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும். நீங்க போட்டது, எப்படிச் சொல்றதுன்னு உட்டுட்டேன். மன்னிச்சுருங்க'ங்கறாரு. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க? தெரிஞ்சே! ரெண்டு மாசமா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அஞ்சு நிமிசத்துல முறுக்கியிருப்பேன். உசுரு வெளையாட்டுங்களா இது? நானு அப்படியே மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அதுக்குமேல சொல்றாரு, 'அம்மிணிய எறக்கி உட்டீங்களே, உங்களுக்கு எங்க கொலதெய்வந்தான் வந்து சொல்லியிருக்கு. எம் மருமகளக் காப்பாத்துனதுக்கு உங்களுக்கு எங்க கோயில்ல மரியாதை பண்ணாம உட மாட்டேன்'. சுகந்தி ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல நின்னுட்டு இருந்தா. என்னையவே பாத்துட்டு இருந்தா.

அப்பறம் ஊட்டுக்காரி ஏதோ பேச்சுவாக்குல அவகிட்ட ஃபிரிட்ஜு டம்ளரைப் பத்திச் சொல்லியிருக்கறா. அன்னிக்கே போன். 'மாமா உசுரு உங்களுக்கு உசுராத் தெரியலீங்களாப்பா'ன்னு கேட்டா. நான் மரியாதைக்குத்தான் சொல்லலைன்னு எத்தனையோ சொல்லிப் பாத்தேன். 'கண்டக்டர்கிட்ட, மெக்கானிக்குகிட்ட, தெருவுல போறவன்கிட்டெல்லாம் சொல்லுவீங்களே'ன்னா. அது எப்படிங்க ஒண்ணாகும்? அவரு சொல்லாம உட்டது வேற, நானு சொல்லாம உட்டது வேற. இல்லீங்களா?

நீங்க நம்பியூர்ல இருந்தே ஜன்னலைப் பாத்துட்டு வர்றீங்க.

கோபி வந்துருச்சுங்க. அதா, அந்தக் கடைக்கிட்ட நிக்கறா பாருங்க, பச்சச் சீலை, அவதான். சிரிக்கலை பாத்தீங்களா. கூட யாரு... அட, அவரும் வந்திருக்காரா? கக்கத்துல கட்டைய வெச்சுக்கிட்டு எதுக்குங்க இந்த மனுசன்... ஏறுறாரு. படியில ஏறுறாரு. ஏனுங், அவரைப் புடிங்க யாராச்சும்!

என்னங்க சம்பந்தி, இந்தக் காலோட நீங்க எதுக்கு? என் பைய நான் தூக்க மாட்டனுங்களா? வேண்டாங்க, குடுங்க. உக்காருங்க. இல்லீங்க, நீங்க உக்காருங்க. எல்லாரும் எறங்கட்டும். கீழ அம்மிணி நிக்கட்டும், பரவாயில்ல. பக்கத்து சீட்டுல இவரு இருக்கட்டுங்க, தெரிஞ்சவருதான்.

சம்பந்தி, அந்த ஹேண்ட் பிரேக்கு... அத உடுங்க. திரும்பவும் மன்னிப்புக் கேக்காதீங்க. கேக்காதீங்கன்னா கேக்காதீங்க. நீங்க கேக்கக் கேக்க எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

எனக்கு எந்தத் தெய்வமும் ஒண்ணும் சொல்லலீங்க. வெளக்கெண்ணெய் குளுருல ஓடாதுன்னு எனக்கு ஆவணியிலயே தெரியும். வெச்சுச் சோதிச்சுப் பாத்தேன். நீங்க கோத்தகிரிக்குன்னு சொன்ன அன்னிக்குத் தெரியும். அன்னிக்குக் காத்தால நீங்க கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டு வந்தீங்களே, அதுக்கு முன்னாலயே நான் மிதிச்சுப் பாத்துட்டேன். கண்ணப் பாத்துச் சொல்றேன், எனக்குத் தெரியும்.

எறங்குன்னு எம் புள்ளைகிட்டத்தானுங்க சொன்னேன். உங்களை எறங்கச் சொல்லலீங்க, சம்பந்தி.